ஆனைதூக்கி வராத ஞாயிறு

பதுளைக் கடைவீதியில், எங்கள் ஜவுளிக் கடைக்கு எதிரே, தேயிலைத் தோட்டங்களின் சம்பள நாளுக்கு அடுத்து வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், சில நூறு பேர் தெருவிலேயே சம்மணமிட்டு அமர்ந்திருந்தனர்.

மழை தூறிக்கொண்டிருந்தது. கம்பளியை மடித்துத் தலையில் போட்டுக்கொண்டு, ஈரத்தைப் பொருட்படுத்தாமல் இருந்தனர். ஆங்காங்கே துணியால் வாய் கட்டிய சோற்றுப் பானைகள். ஒருவர் கையில் கால் கட்டிய சேவல். ஒரு பெண்ணின் மடியில் வாழையிலையில் பொதிந்த சாமந்தி மாலை.

அவர்கள் துணி வாங்க வந்தவர்கள் அல்லர். எங்கள் கடைக்குள் ஒரு மனிதர் இருக்கிறார், இன்று வெளியே வந்து தரிசனம் தருவார் என்று நம்பி, இருட்டோடு புறப்பட்டுப் பசறைப் பாதை வழியே நடந்து வந்தவர்கள். அம்மனிதரின் பெயர் ஆனைதூக்கி.

அவர் கடைக்குள்தான் இருந்தார். அலமாரியில், மல் துணிப் பீஸ்களின்மேல், உள்ளங்கை அகல வண்ணச் சீட்டுகளாக அடுக்கப்பட்டிருந்தார்.

எதிர்ப்பக்கத்துக் கதாநாயகர்

இந்த நினைவை இவ்வாரம் எழுத நேர்ந்ததற்குக் காரணம் இப்பத்திரிகையேயாகும்.

சில வாரங்களாக என் தொடருக்கு எதிர்ப்பக்கத்தில் ஒரு படக்கதை வெளியாகிறது. உடம்போடு ஒட்டிய உடுப்பணிந்த ஒருவர் அதில் உலவுகிறார். சென்ற வாரம், ரயில் ஓடிக்கொண்டிருக்கும்போதே பாலத்தை ரயிலோடு பெயர்த்து ஆற்றின் மறுகரையில் வைத்தார். பயணிகளுள் எவருடைய தேநீரும் சிந்தவில்லை. அதற்கு முந்திய வாரம் ஒரு கப்பலை வாலைப் பிடித்துச் சுழற்றிப் பாலைவனத்தில் எறிந்தார். கப்பலுக்கு வால் எங்கே இருக்கிறது என்பதை ஆசிரியர் அவர்கள் தெளிவுபடுத்தினால் நன்று.

இப்போது இதற்கு ஒரு போட்டியும் அறிவித்திருக்கிறார்கள். அந்த வீரரின் பலச்செயல்களுள் ஆகப் பெரியது எது என்று வாசகர்கள் எழுதி அனுப்ப வேண்டுமாம். நானும் இப்பத்திரிகையின் வாசகன் என்ற உரிமையில் என் முடிவைத் தெரிவிக்கிறேன். இத்தனையையும் சுமந்த பின்னர் அவர் வியர்க்காமல் நிற்பதே அவருடைய ஆகப் பெரிய செயல்.

இளைஞர்கள் இதைப் புதுமை என்று எண்ணுகிறார்கள். புதுமை ஒன்றும் இல்லை. இவருடைய மூதாதை ஒருவரை நான் நெருங்கி அறிவேன். அவரை முழம் போட்டு விற்றிருக்கிறேன்.

சீட்டில் இருந்த மனிதர்

அக்காலத்தில் ரயில் பண்டாரவளையோடு நின்றது. பதுளைக்குத் தண்டவாளம் வர இன்னும் நெடுங்காலம் இருந்தது. கொழும்பிலிருந்து வரும் துணிப் பொதிகள் பண்டாரவளையில் மாட்டுவண்டிக்கு மாறும். ஏற்றத்தில் மாடு நின்றுவிட்டால் வண்டிக்காரரும் உடன் வருபவரும் சேற்றில் இறங்கிச் சக்கரத்துக்குத் தோள் கொடுப்பார்கள். அவர்களை எவரும் படமாக அச்சிட்டதில்லை.

பொதியைப் பிரித்தால் ஒவ்வொரு பீஸின்மேலும் ஆலைக்காரர் ஒட்டிய வண்ணச் சீட்டு இருக்கும். எழுத்தறியாதவரும் மார்க்கைப் பார்த்து வாங்குவதற்காக அந்த ஏற்பாடு. மற்றவர் கடைகளுக்கு மயிலும் மாம்பழமும் வந்தன. எங்களுக்கு வந்தது ஆனைதூக்கி மார்க்.

சீமையில் எந்த ஓவியர் வரைந்தாரோ, அறியேன். ரோஜா நிற மேனி, முறுக்கிய கறுப்பு மீசை, இடுப்பில் புலித்தோல். முதற்சீட்டில் ஒரு யானையைத் தலைக்கு மேல் தூக்கியிருந்தார். யானை சிரித்துக்கொண்டிருந்தது. அடுத்த வரவில், ஓடும் ரயில் எஞ்சினைச் சங்கிலியால் பிடித்து நிறுத்தினார். அதற்கடுத்துப் பாய்மரக் கப்பலொன்றைப் பல்லால் கரைக்கு இழுத்தார். பின்னர் இரண்டு சிங்கங்களின் வாயை ஒரே நேரத்தில் பிளந்தார். எந்தக் கை எந்தச் சிங்கத்துக்கு உரியது என்பது ஓவியருக்கே விளங்கவில்லை போலும். கடைசியாக வந்த சீட்டில் ஒரு மலையைப் பெயர்த்துத் தோளில் வைத்துக்கொண்டு நடந்தார். மலையின்மேல் ஒரு கோட்டை இருந்தது. கோட்டைக் காவலன் உறங்கிக்கொண்டிருந்தான்.

இவ்வைந்து படங்களிலும் அவருடைய பாதங்களை நான் உற்றுநோக்கியிருக்கிறேன். காலடியில் புல் உண்டு. புல்லில் சிறு மஞ்சட்பூக்கள் உண்டு. யானையைச் சுமந்தபோதும் மலையைச் சுமந்தபோதும் ஒரு பூக்கூட நசுங்கவில்லை. கல்லூரியில் நெம்புகோலைப் பற்றி முறையாகப் படித்துத் தேறி வந்தவனுக்கு இதைவிடப் பெரிய அவமதிப்பு வேறில்லை.

ஆனால், மார்க்கை மனிதராக்கியது ஆலைக்காரர் அல்லர். எங்கள் கடைச் சிப்பந்தி வயித்தியலிங்கம். துணி மூட்டையுடன் தோட்டம் தோட்டமாகச் சென்று விற்பவர் அவர். நாவால் பிழைத்தவர் என்று மட்டும் சொல்லி நிறுத்துகிறேன். சீட்டுகளை வரிசைப்படுத்தி, ஆனைதூக்கிக்கு ஒரு தாயையும் ஒரு பகைவரையும் படைத்து, மாதம் ஒரு பகுதியாகக் கதை சொல்லி வந்தார்.

“எஞ்சின நிறுத்துறதுக்கு முந்தி அவரு என்ன சாப்பிட்டாரு தெரியுமா?” என்று தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வாசலில் தொடங்குவார்.

“என்ன சாப்பிட்டாருங்க?”

“அது அடுத்த மாசம். இந்த மாசம் சேலையப் பாருங்க.”

எங்கள் ஆசிரியர் அவர்கள் இவ்வித்தையைத் தாமே கண்டுபிடித்ததாக எண்ணியிருக்கக்கூடும்.

துணி வாங்கியவர்கள் சீட்டைக் கிழியாமல் உரித்து லயத்துச் சுவரில் ஒட்டினர். சில அறைகளில் சாமி படத்துக்குப் பக்கத்திலேயே அவருக்கு இடம் கிடைத்தது. நெற்றியில் விபூதியும் கிடைத்தது. அரிசி மூட்டை சுமப்பவர்கள் அம்மார்க் துணியில் ஒரு கீற்றைக் கிழித்து இடுப்பில் கட்டிக்கொண்டனர். சுமை குறையவில்லை. நம்பிக்கையும் குறையவில்லை.

ஒரு சங்கிலியின் கண்ணி

இங்கே இன்னொரு பலசாலியையும் குறிப்பிட்டுவிடுகிறேன். இல்லையேல் இவ்வகையினர் அனைவரும் காகிதம் என்று வாசகர் நினைத்துவிடுவர்.

இதற்குச் சில ஆண்டுகள் முன்னர் பதுளைக்கு ஒரு சர்க்கஸ் வந்தது. அதில் மார்பை விரித்துச் சங்கிலியை அறுக்கும் பயில்வான் ஒருவர் இருந்தார். மத்தளம் அதிர, அவர் மூச்சையிழுத்தார், சங்கிலி அறுந்தது, கூட்டம் எழுந்து கூவியது. அறுந்த கண்ணி ஒன்று உருண்டு முன்வரிசையில் இருந்த என் காலடிக்கு வந்தது. எடுத்துப் பார்த்தேன். முக்கால் பங்கு அரத்தால் அறுத்து, மெழுகு பூசிக் கரியும் தடவியிருந்தார்கள்.

மறுநாள் கடைவீதியில் அவரைக் கண்டு கண்ணியைத் திருப்பிக் கொடுத்தேன்.

அவர் சற்றும் நாணவில்லை. “வெச்சுக்கங்க தம்பி. தெனமும் ஒண்ணு அரத்துல அறுக்கிறேன். கை வலிக்கிற வலி எனக்குத்தான தெரியும்!” என்றார்.

பொய்யின் பொருட்டும் உழைத்தவர் என்ற அளவில், ஆனைதூக்கியைவிட அவருக்கு நான் மதிப்பளிக்கிறேன். மிகுதியான மதிப்பு அன்று.

“ஆளு எங்கடா?”

ஞாயிற்றுக்கிழமைக்குத் திரும்புகிறேன்.

எதிர்க்கடைக்காரர் சேலைக்கு ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி இலவசம் என்று அறிவித்திருந்தார். எங்கள் வியாபாரம் சற்றுத் தளர்ந்தது. அதைக் கண்டு பொறாத வயித்தியலிங்கம், எவரையும் கேளாமல், தோட்டங்கள் தோறும் ஒரு வாக்குக் கொடுத்துவிட்டு வந்தார்: அடுத்த சம்பளத்துக்கு மறு ஞாயிறு, ஆனைதூக்கி நேரிலேயே பதுளைக்கு வருகிறார்.

கூட்டத்தைக் கதவிடுக்கு வழியே பார்த்த என் தந்தையார் நிறம் மாறினார். இருபதாண்டுகள் சேர்த்த நற்பெயர் தெருவில் உட்கார்ந்து சோற்றுப் பானையைக் காத்துக்கொண்டிருந்தது.

“கூட்டம் வரும்னு சொன்னேன், வந்துருச்சில்லீங்க?” என்றார் வயித்தியலிங்கம்.

“கூட்டம் வந்துருச்சு. ஆளு எங்கடா?”

“பண்டாரவளையில எறங்கிட்டாரு, கால் சுளுக்கிக்கிருச்சுன்னு சொல்லிரலாங்க.”

“மலையத் தூக்குனவனுக்குக் கால் சுளுக்குமாடா?”

“மலையத் தூக்குனதுலதாங்க சுளுக்கிருச்சு.”

தந்தையார் கையை ஓங்கி, பின்னர் தாழ்த்திக்கொண்டார். என்னை நோக்கித் திரும்பினார். “படிச்சவன் நீதான. போய்ச் சொல்லு. நம்ம வாயால பொய் வேணாம்” என்றார்.

நான் கோட்டு மாட்டிக்கொண்டு, தலைப்பாகையைச் சரிசெய்து, கடைப்படியில் நின்று பேசினேன். படம் என்பது வேறு, பொருள் என்பது வேறு என்று விளக்கினேன். மனித எலும்பு தாங்கக்கூடிய பாரம் இன்னதென்று கூறினேன். அச்சில் வந்தது அனைத்தும் உண்மையென்று கொள்வது பகுத்தறிவுக்கு இழுக்கு என்றும் எடுத்துரைத்தேன். பேச்சு செம்மையாக அமைந்ததாகவே இன்றும் கருதுகிறேன்.

முடித்ததும் பின்வரிசையில் ஒருவர் கேட்டார்: “என்னங்க சொல்றாரு?”

“வரமாட்டாராம்.”

“அதுக்கா இம்புட்டு நேரம்?”

சிரிப்பு எழுந்தது. எனக்குச் சினம் மூண்டது. காகிதத்துக்குச் சோறு சுமந்து வந்தவர்கள் என்னைப் பார்த்துச் சிரிப்பதா? அறிவை அடகு வைத்தவர்கள் என்றேன். ஆட்டு மந்தைக்கும் மேய்ச்சல் எது, சுவர் எது என்று தெரியும் என்றேன். இன்னும் சிலவும் சொன்னேன்.

சிரிப்பு அடங்கியது. மடியில் மாலை வைத்திருந்த பெண் எழுந்தார். நடுத்தர வயது, கொழுந்து பறித்துக் கறுத்த விரல்கள். பெயர் இருளாயி என்று பக்கத்திலிருந்தவர்கள் அவரை அழைத்ததிலிருந்து அறிந்தேன்.

“அப்ப எங்க கல்ல யாருங்க தூக்குவா?” என்றார்.

கல்

“எந்தக் கல்லம்மா?”

“எங்க லயத்துக்கு மேல நிக்கிற கல்லுங்க, சின்ன மொதலாளி. போன வருச மழையில மண்ணோட எறங்கி வந்து, ஒத்த மரத்துல சாஞ்சு நிக்கிது. மரமும் வேரக் காட்டிருச்சு. இன்னும் ஒரு மழை தாங்காது.”

“உங்கள் தோட்டத் துரையிடம் சொன்னீர்களா?”

“சொன்னோம். கல்லு அதும்பாட்டுக்கு இருக்கு, நீ ஒன் வேலையப் பாருன்னாரு. பெரிய கங்காணிகிட்ட சொன்னோம். தொரை சொன்னதையே அவரும் சொன்னாரு. மாரியாத்தாகிட்ட சொன்னோம், அவ ஒண்ணுமே சொல்லல. மலையவே தூக்குறவரு வர்றாருன்னு ஒங்க கடை ஆளு சொன்னாரு. சரி, ஒரு எட்டு வந்து எங்க கல்லத் தள்ளிட்டுப் போகட்டுமேன்னு வந்தோம்.”

பானைகளின் பொருள் அப்போதுதான் எனக்குப் புலப்பட்டது. அது படையல் அன்று. வேலைக்கு வரும் ஆளுக்குக் கட்டிய சோறு.

“காகிதத்தில் இருப்பவர் எப்படியம்மா வருவார்?” என்றேன்.

“காயிதம்னு எங்களுக்குத் தெரியாதுங்களா? மழையில நனைஞ்சா கிழிஞ்சு போவுது, நாங்கதான பாக்குறோம். ஆனா வருவாருன்னு சொன்னது காயிதம் இல்லீங்களே. ஒங்க கடை.”

தந்தையார் உள்ளே சென்றுவிட்டார். வயித்தியலிங்கத்தை எங்கும் காணவில்லை.

இருளாயி அதோடு நிற்கவில்லை. “எங்கள இம்புட்டு நல்லாத் திட்டுனீங்க. ஆடு, மந்தை, எல்லாம் சொன்னீங்க. இதுல பாதியத் தொரைகிட்ட சொல்லுவீங்களா? இல்ல, இந்தப் படிப்பெல்லாம் எங்களத் திட்டத்தானுங்களா?”

மீண்டும் சிரிப்பு. இம்முறை எதிர்க்கடைக்காரரும் தம் வாசலில் நின்று சிரித்தார்.

ஒன்றை இங்கே தெளிவாகச் சொல்ல விரும்புகிறேன். நான் இரக்கத்தால் உந்தப்பட்டவன் அல்லன். பிற்காலத்தில் என்னைப் பாராட்டிய சிலர் அவ்வாறு எழுதினர்; அது பிழை. என் ஏளனம் கீழ்நோக்கி மட்டுமே பாயக்கூடியது என்று கடைவீதியில், பலர் முன்னிலையில், ஒருவர் சொன்னார். அதைச் சகித்துக்கொண்டு அக்கடையில் மறுநாள் உட்கார என்னால் இயலாது.

“நாளை வருகிறேன்” என்றேன்.

அன்று இரவு உணவின்போது தந்தையார் ஒன்று மட்டும் சொன்னார். “தொரையப் பகைச்சா, நம்ம மூட்ட அந்தத் தோட்டத்துக்குள்ள போகாதுடா. ஒண்ணு போனா பக்கத்துத் தோட்டமும் போகும்.” போகாதே என்று மட்டும் அவர் சொல்லவில்லை.

பங்களாவின் பின்வாசல்

தோட்டத்தின் பெயரை எழுத மாட்டேன். பசறைப் பாதையை அறிந்தவர்கள் அறிந்துகொள்ளட்டும்.

முதலில் கல்லைப் பார்த்தேன். கூண்டு கட்டிய மாட்டுவண்டி ஒன்றைக் காட்டிலும் பெரிது. சரிவில் முன்னோக்கிச் சாய்ந்து, ஒரு மரத்தின் இடுப்பில் தன் முழுப் பாரத்தையும் இறக்கியிருந்தது. மரத்தின் மேற்புற வேர்கள் மண்ணைவிட்டு எழுந்து அந்தரத்தில் நின்றன. அதன் நேர் கீழே லயம். கூரைத் தகரத்தின் இடுக்குகளில் அடுப்புப் புகை கசிந்தது. நான் நின்ற சிறிது நேரத்துக்குள் கல்லின் அடியிலிருந்து சிறு சரளைகள் உருண்டு தகரத்தில் விழுந்த ஓசையைக் கேட்டேன்.

“பகல்ல இப்பிடி. ராத்திரி இதக் கேட்டுக்கிட்டே படுத்துக் கெடப்போம்” என்றார் இருளாயி. கடைசி அறை அவருடையது. அவர் கணவரும் மூன்று பிள்ளைகளும் அதில் உறங்கினர். உறங்கினர் என்பது மரியாதைக்குச் சொல்லும் சொல்.

பங்களாவில் என்னைப் பின்வாசலுக்குப் போகச் சொன்னார்கள். விறகுக் குவியலுக்கருகே நின்றேன். சமையற்காரர் என் சப்பாத்தைக் கழற்றச் சொன்னார். நான் கழற்றவில்லை.

துரை வந்தார். சிவந்த முகம், வாயில் புகையும் சுங்கான், காலருகே ஒரு நாய். நான் ஆங்கிலத்தில் வணக்கம் சொன்னதும், நாய் பேசியதைப்போல் என்னைப் பார்த்தார்.

கல்லைப் பற்றிச் சொன்னேன்.

“அது நான் பிறப்பதற்கு முன்னரே அங்கே இருந்தது” என்றார்.

“மன்னிக்க வேண்டும். சென்ற மழைக்கு முன்னர் அது மேலே இருந்தது.”

“இவர்களுக்கு வேலை செய்யாதிருக்க ஒரு சாக்கு வேண்டும்.”

நான் சட்டைப்பையிலிருந்து ஆனைதூக்கிச் சீட்டை எடுத்து நீட்டினேன்; மலையைச் சுமக்கும் சீட்டு. துரை அதை வாங்கிப் பார்த்துவிட்டு உரக்கச் சிரித்தார்.

“அருமையான ஆள். எங்கள் ஊர்ப்பக்கத்தவர் போலிருக்கிறார்” என்றார்.

“அவ்வாறுதான் உங்கள் தொழிலாளரும் எண்ணுகின்றனர். உங்கள் நாட்டில் இப்படிப்பட்டவர்கள் உண்டு, அவர்களுள் ஒருவர் வந்து கல்லைத் தள்ளுவார் என்று நேற்றுப் பதுளையில் காத்திருந்தார்கள். உங்கள் நாட்டில் அப்படி எவரும் இல்லை என்று நான் சொன்னேன். துணி விற்பதற்காக அச்சிட்ட பொய் என்றும் சொன்னேன். அவர்கள் என்னை நம்பவில்லை. ஆகவே தாங்களே வந்து, ஒரு கல்லைக்கூட அசைக்க உங்கள் நாட்டவரால் ஆகாது என்று சொல்லிவிட்டால், தங்கள் சொல்லை நம்புவார்கள். அமைதியாக லயத்துக்குள் போய்ப் படுத்துக்கொள்வார்கள்.”

துரையின் முகத்தில் சிவப்புக்கு மேல் இன்னொரு சிவப்பு ஏறியது. சுங்கானை வாயிலிருந்து எடுத்தார்.

“யாரால் ஆகாது?”

“தங்களால், துரை அவர்களே.”

அடுத்து அவர் சொன்னவற்றை அச்சிட ஆசிரியர் இசையமாட்டார். நாய் என்னைத் தோட்டத்து எல்லை வரை கொண்டுவந்து விட்டது. சப்பாத்து காலில் இருந்ததற்காக அன்று மகிழ்ந்தேன்.

ஒரு நிழற்படம்

அந்த வாரத்துக்குள்ளேயே லயம் காலி செய்யப்பட்டது. சாலை வேலைக்காரர்களிடமிருந்து வெடிமருந்தும் துளையிடும் ஆட்களும் வந்தனர். கல்லின் நெற்றியில் துளையிட்டுப் பிளந்தார்கள். லயத்தின் பக்கம் உருளாதபடி பிளவுகளுக்கு வடம் கட்டி, ஆண்களும் பெண்களுமாகப் பிடித்து, மறுபுறப் பள்ளத்தாக்குக்கு இழுத்தார்கள். வடத்தின் முன்னணியில் இருளாயி நின்றாராம். துரை மேட்டில் நின்றுகொண்டு, “இழு! இழு! நல்லா இழு!” என்று தமக்குத் தெரிந்த தமிழ் முழுவதையும் செலவிட்டாராம். நான் அங்கே இல்லை. என்னை உள்ளே விடக்கூடாது என்பது உத்தரவு.

வேலை முடிந்ததும் துரை பதுளையிலிருந்து நிழற்படக்காரரை வரவழைத்தார். எஞ்சியிருந்த பாறைத்துண்டின்மேல் ஒரு காலை வைத்து, இடுப்பில் கையூன்றி நின்றார். வடம் பிடித்தவர்களை ஒதுங்கச் சொன்னார்கள். வடத்தையும் ஒதுக்கினார்கள்.

அப்படம் நிழற்படக்காரரின் கண்ணாடிப் பெட்டியில் நெடுநாள் தொங்கியது. போகும்போதும் வரும்போதும் பார்ப்பேன். ஒரே மனிதர்; ஒரே பாறை; வியர்வை இல்லை. துணிப் பீஸின்மேல் ஒட்ட வேண்டியதுதான் பாக்கி.

எங்கள் மூட்டை அத்தோட்டத்துக்குள் அதன்பின் போகவில்லை. தந்தையார் சொன்னபடியே, பக்கத்துத் தோட்டமும் கதவடைத்தது. அவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. வயித்தியலிங்கத்தை மட்டும் தோட்டப் பக்கம் அனுப்பாமல், கடையிலேயே முழக்கோலுடன் நிறுத்திவைத்தார். வாயைத் திறக்காமல் துணி அளப்பது அம்மனிதருக்கு எத்தகைய தண்டனை என்பதை உடனிருந்த நான் அறிவேன்.

வளர்ந்துவிட்ட புயங்கள்

இதை எழுதுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஒரு பொய்யை நான் மறுத்தாக வேண்டும்.

சில ஆண்டுகளுக்குப் பின்னர் அப்புத்தளையில் ஒரு திருமணத்துக்குச் சென்றிருந்தேன். பந்தியில் பக்கத்தில் அமர்ந்த ஒரு கங்காணி, பதுளை ஜவுளிக்கடைச் சின்ன முதலாளி ஒருவர் துரையோடு பந்தயம் கட்டி, தோளைக் கொடுத்துப் பாறையைத் தள்ளினார் என்ற கதையை என்னிடமே சொன்னார். பின்னொரு காலத்தில் ஹல்துமுல்லையில் கேட்டபோது தோள் ஒரு கையாகியிருந்தது. அண்மையில் என்னைக் காண வந்த இளைஞர் ஒருவர், இடக்கைச் சுண்டுவிரலாமே என்று கேட்டார்.

“இல்லை. நான் கல்லைத் தொடவேயில்லை” என்றேன்.

“பெரியவங்க அப்பிடித்தான் சொல்லுவீங்க” என்று சிரித்தார். விடைபெறும்போது, கை குலுக்கும் சாக்கில், என் புயத்தை அழுத்திப் பார்த்தார்.

ஆகவே அச்சில் பதிவு செய்கிறேன். என் வாழ்நாளில் நான் தூக்கிய ஆகப் பெரிய பாரம் அரைப் பொதி மல் துணி. அதிலும் மறுமுனையை இன்னொருவர் பிடித்திருந்தார். இனி எவரும் இதைப் பற்றிக் கேட்க வேண்டாம்.

தைப்பொங்கலுக்கு முன்

கல்லைப் பிளந்த அவ்வாண்டு மழை வழக்கத்தைவிடக் கடுமையாக இருந்தது. பதுளையாறு கரைபுரண்டது. பல நாட்கள் வண்டிகள் வரவில்லை. பசறைப் பாதையிலிருந்து செய்தியும் வரவில்லை. தந்தையார் காலையில் கடை திறந்ததும், யாரையும் குறிப்பிடாமல், “அந்தப் பக்கம் என்னாச்சோ” என்பார். நான் கணக்குப் புத்தகத்தைத் திறப்பேன்.

பொங்கலுக்குத் துணி எடுக்க மக்கள் வரத் தொடங்கிய ஒரு ஞாயிற்றுக்கிழமை, கூட்டத்தை விலக்கிக்கொண்டு இருளாயி வந்தார். மூன்று பிள்ளைகளும் பின்னால் வந்தனர். எங்கள் மூட்டைதான் தோட்டத்துக்குள் போகக்கூடாது. தோட்டத்து மக்கள் கடைக்கு வருவதைத் தடுக்கத் துரைக்கு வழி இல்லை.

பிள்ளைகளுக்குச் சட்டைத் துணி கேட்டார். வயித்தியலிங்கம் பழக்கத்தால் ஆனைதூக்கிப் பீஸை எடுத்து விரித்தார். இருளாயி அதைத் தடவிப் பார்த்துவிட்டு ஒதுக்கிவைத்தார்.

“இது வேணாங்க. வேறது காட்டுங்க.”

“நல்ல துணிம்மா, ஆனைதூக்கி…” என்று தொடங்கிய வயித்தியலிங்கம், என் தந்தையாரின் பார்வை பட்டதும் வாயை மூடிக்கொண்டார்.

துணி அளந்து முடியும்வரை நான் பொறுத்திருந்தேன். அதன்பின், கணக்கில் கண் வைத்தபடியே, “மழை எப்படி?” என்று கேட்டேன்.

“அத ஏன் கேக்குறீங்க. மேல இருந்து மண்ணு சரிஞ்சு, அந்த மரத்தையும் இழுத்துக்கிட்டு வந்துருச்சு. லயத்துச் செவுரு வரைக்கும் சேறு” என்றார்.

தந்தையார் எழுந்து நின்றார். “எப்ப? ராத்திரியிலயா?”

“ராத்திரியிலதாங்க இருக்கும்.” இருளாயி துணியை மடித்துப் பிள்ளைகளுள் மூத்தவளிடம் கொடுத்தார். “காலையில பேர் குடுக்கப் பெரட்டுக்குப் போகக் கதவத் தொறந்தப்பத்தான் பாத்தோம். எங்கள்ல ஒருத்தரும் முழிக்கவே இல்லீங்க, அம்புட்டுத் தூக்கம்.”